பாதாளத்தில் போட்ட எடைக்கல்

சந்தையில் கடைகளுக்குப் பின்னால் குழாய் பதிக்கத் தோண்டிக்கொண்டிருந்தவரின் கடப்பாரை, ஓங்கிக் குத்திய வேகத்தில் அவர் கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு மண்ணுக்குள் போயே போய்விட்டது. கொஞ்சம் பொறுத்து எங்கோ ஆழத்திலிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம் வந்தது. சுற்றி நின்ற வியாபாரிகள் எல்லோரும் "கிணறு! கிணறு!" என்று கத்தினார்கள். வெங்காயக்கடை மாப்பிள்ளை மட்டும் வாயைத் திறக்கவில்லை. அது இரும்பின் மேல் இரும்பு விழுந்த சத்தம் என்று அவருக்குத் தெரியும். கீழே கிடக்கும் இரும்பைப் போட்டவரே அவர்தான்.

மாப்பிள்ளை என்றதும் யாரோ புது மாப்பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். தலை பஞ்சாகி, முன்பல் ஆட்டம் கண்டு, படி ஏறினால் மூச்சு வாங்குகிற ஆள். ஆனாலும் சந்தையில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. அது மாமனாரின் கடை. ஒரே மகளைக் கட்டிக்கொண்டு வீட்டோடு வந்து சேர்ந்த நாளில் யாரோ "வாங்க மாப்பிள்ளை" என்றார்கள், அதுவே ஒட்டிக்கொண்டது. மாமனார் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகியும் அவர் மாப்பிள்ளையாகவே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

மனைவிக்கும் சந்தை ஒரு பெயர் வைத்திருந்தது. முள்ளக்கா. தராசின் முள்ளைப் போல இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறவள் என்று அர்த்தம். மற்ற கடைகளிலெல்லாம் எண் காட்டும் மின்தராசு வந்த பிறகும் அவள் கடையில் மட்டும் அப்பா காலத்து இரும்புத் தராசுதான் தொங்கியது. வேறு கடையில் வாங்கிய சரக்கில் சந்தேகம் வந்தால் ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நேராக அவளிடம் வருவார்கள். அவள் நிறுத்துச் சொன்னால் சொன்னதுதான். குறைந்திருந்தால் அந்தக் கடைக்காரரைக் கூப்பிட்டு, ஊரே பார்க்க வறுத்தெடுத்துவிடுவாள். வறுவலின் நடுவே அவள் அப்பா கட்டாயம் வருவார். அப்பா இந்தத் தராசைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் கடை திறப்பார், அப்பா ஒரு வெங்காயத்தோல் கூட அடுத்தவனுடையதை எடுத்ததில்லை என்று ஒரு மூச்சு பேசிவிட்டுத்தான் விடுவாள். திட்டு வாங்கியவர் அதையும் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

அந்த அப்பாவின் லட்சணம் மாப்பிள்ளைக்குத் தெரியும்.

இரும்பு எடைக்கல்லின் அடியில் சின்னக் குழி ஒன்று இருக்கும். அதில் ஈயத்தை ஊற்றித்தான் எடையைச் சரிசெய்வார்கள். அந்த ஈயத்தின் மேல்தான் அரசாங்க முத்திரை விழும். மாமனார் என்ன செய்தாரென்றால், சில கற்களில் ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அரக்கை ஊற்றி, மேலே கறுப்பு பூசி வைத்திருந்தார். பார்த்தால் ஒரு கிலோ. நிறுத்தால் கிலோவுக்கு ஒரு கைப்பிடி குறைவு. கல்யாணமான புதிதில் மருமகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இது விக்கிற கல்லு மாப்பிள்ளை. அதிகாரி யாராவது தலை காட்டினா யோசிக்காதீங்க, பாதாளத்துல போட்டுடுங்க" என்று தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தார். விற்கிற கல் என்று எதற்காகத் தனியாகச் சொல்கிறார் என்று மருமகன் கேட்கவில்லை. புது மருமகன் எதைத்தான் கேட்பான்?

பாதாளம் என்பது இப்போது கடப்பாரை விழுந்த அதே இடத்தில், மண் மூடுவதற்கு முன்பு இரண்டு தளக்கற்களுக்கு நடுவே வாயைப் பிளந்துகொண்டிருந்த ஓட்டை. ஏதோ பழைய சாக்கடை, நேராக ஆற்றில் போய்ச் சேருகிறது என்று சந்தையே நம்பிக்கொண்டிருந்தது. யார் பார்த்தார்கள், யார் சொன்னார்கள் என்றெல்லாம் கேட்கக்கூடாது. போட்டது திரும்பி வரவில்லை, அது போதாதா? அதனால் எடை அதிகாரி வருகிறார் என்று வாசலில் ஒரு குரல் எழுந்தால், பின்பக்கம் 'தொப் தொப்'பென்று கேட்கும். கிணற்றைச் சாக்கடை என்று நினைத்து அதில் தங்கள் வண்டவாளத்தையெல்லாம் சேமித்துவைத்த மகானுபாவர்கள் உலகத்தில் வேறெங்காவது இருக்கிறார்களா, தெரியவில்லை.

மாப்பிள்ளை போட்டது ஒரே ஒரு தடவை. அதிகாரி திடுதிப்பென்று வந்து நின்ற அன்று மாமனார் ஒரு சாக்கை அவர் பக்கம் தள்ளி, "சாக்கோட போடுங்க" என்று பல்லைக் கடித்தார். போட்டார். அதிகாரி முத்திரை போட்ட நல்ல கற்களை மட்டும் பார்த்துவிட்டு, மாமனாரின் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். ஆனால் அன்றைக்கு மாமனார் நடுங்கிய நடுக்கம் உயிர் போகிறவரை நிற்கவில்லை. அதற்குப் பிறகு உண்மையிலேயே யோக்கியராகிவிட்டார்.

இப்போது சிக்கல் என்னவென்றால், அந்தக் காலத்தில் எடைக்கற்களைக் கடைக்குக் கடை கைமாற்றாக வாங்குவார்கள், கொடுப்பார்கள். கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொருவரும் கல்லின் தலையில் ஒரு அடையாளம் வெட்டிவைப்பார்கள். மாமனாரின் அடையாளம் பிறை. பிறை என்றால் யார் கல் என்று சந்தையில் எல்லோரும் சொல்வார்கள். முள்ளக்காவோ கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

மாப்பிள்ளை அந்தக் குழியையே சுற்றிச் சுற்றி வந்தார். கடையின் பெயர் கெடுவது இருக்கட்டும். அப்பாவை ஒரு முறை பறிகொடுத்தவள் இந்த வயதில் இன்னொரு முறை பறிகொடுக்க வேண்டுமா? அதை அவரால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு மனைவி என்றால் உயிர். கொஞ்சம் பயமும் உண்டு.

தொல்லியல் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து இறங்கினாள். ஆள் சின்னது, தொப்பி பெரியது. கையில் எந்நேரமும் பெயின்ட் அடிக்கிற பிரஷ் ஒன்று. அதைக்கொண்டு அவள் மண்ணை நோகாமல் தட்டுவதைப் பார்த்த சந்தை, வந்த அன்றைக்கே பிரஷ் மேடம் என்று பெயர் வைத்து முடித்துவிட்டது. தளக்கற்களைத் தூக்கி, கயிறு கட்டி உள்ளே இறங்கிப் பார்த்தவள், மேலே வரும்போது முகமெல்லாம் பல்லாக இருந்தாள்.

"சாதாரணக் கிணறு இல்லைங்க. ஆப்பு மாதிரி வார்த்த செங்கலை வட்டமா அடுக்கிக் கட்டியிருக்காங்க. இந்தச் சந்தை வர்றதுக்கு முன்னாடி, இந்த ஊரே வர்றதுக்கு முன்னாடி கட்டினது" என்றாள். "ஆனா மேல பாதி வரைக்கும் குப்பை அடைச்சுக் கிடக்கு. அதை வாளி வாளியா எடுத்து, சலிச்சுப் பார்த்துத்தான் கொட்டணும். தூக்கவும் சலிக்கவும் ஆள் வேணும். கூலி கிடையாது, டீ உண்டு. யாராவது உதவிக்கு வர்றீங்களா?"

மாப்பிள்ளையின் கைதான் முதலில் மேலே போனது. போன பிறகு பக்கத்தில் பார்த்தார். உருளைக்கிழங்கு அண்ணன் கையைத் தூக்கியிருந்தார். தன் கடைச் சரக்கையே ஆள் வைத்துத் தூக்குகிற மனிதர் அவர். மிளகாய் அத்தை இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். பருப்புக்கடை, பூண்டுக்கடை, எண்ணெய்க்கடை என்று வரிசையாகக் கைகள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பிரஷ் மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எத்தனையோ ஊர்ல தோண்டியிருக்கேன். இப்படி ஒரு வரலாற்று ஆர்வத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்றாள்.

"ரத்தத்துலயே ஊறினது மேடம்" என்றார் உருளைக்கிழங்கு அண்ணன், கூசாமல்.

வீட்டில் முள்ளக்காவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "என்னங்க, உங்களுக்கு இதுலயெல்லாம் ஆசை உண்டா? இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

"சின்ன வயசுலேருந்தே உண்டும்மா. சொல்றதுக்கு நேரம் வரலை" என்றார் மாப்பிள்ளை. பிறகு பரணிலிருந்த மழைக்கோட்டை எடுத்துத் தூசி தட்டினார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. "மண்ணு மேல படும் பாரு" என்று தானாகவே ஒரு விளக்கம் கொடுத்தார். அந்தக் கோட்டில் பைகள் பெரிதாக இருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை.

கிணற்றடிக்குப் போனால் அங்கே அவரைவிடக் கெட்டிக்காரர்கள் நின்றார்கள். உருளைக்கிழங்கு அண்ணன் தன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பொத்தான் போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். மிளகாய் அத்தை சாப்பாட்டுப் பை என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒரு வாரச் சாப்பாட்டை அடைத்துக்கொண்டு போகலாம்.

வேலை தொடங்கியதும் சந்தையில் யாரும் கண்டிராத மரியாதை பெருகியது. வாளி மேலே வந்தால் போதும், "நீங்க உட்காருங்க அண்ணே, நான் சலிக்கிறேன்" என்று ஒருவர், "அட, நீங்க ஏன் சிரமப்படறீங்க மாப்பிள்ளை" என்று ஒருவர், சல்லடையின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். முதலில் பிய்ந்த செருப்பு வந்தது, சீப்பு வந்தது, பொம்மையின் கால் ஒன்று வந்தது. பிறகு ஒரு வாளியில் மிளகாய் அத்தை கடையின் அடையாளத்தோடு ஒரு எடைக்கல் உருண்டு விழுந்தது. அத்தை சட்டென்று அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். டீ வந்து எல்லோரும் எழுந்து போகிறவரை "முட்டி வலிக்குது" என்று சொல்லிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒளிவுமறைவு தேவைப்படவில்லை. யாரும் யாரிடமும் எதுவும் பேசிக்கொள்ளாமலே ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. அவரவர் கல்லை அவரவர் எடுத்துக்கொள்வது, அடுத்தவர் கல் வந்தால் காலால் அவர் பக்கம் தள்ளிவிடுவது. வியாபாரிகள் சங்கம் எத்தனையோ கூட்டம் போட்டும் கொண்டுவர முடியாத ஒற்றுமை அந்தக் குப்பை மேட்டில் தானாக வந்தது. காலையில் ஒல்லியாக வந்தவர்கள் சாயங்காலம் தொப்பையோடு வீடு போனார்கள். உருளைக்கிழங்கு அண்ணன் நடந்தால் இரும்புக்கடையே நடந்து போகிற மாதிரி சத்தம் வந்தது. பிரஷ் மேடம் தன் பாட்டுக்குக் குனிந்து செங்கலைத் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

கடைசி நாள் மாப்பிள்ளையின் சாக்கு வந்தபோது சாக்கே இல்லை. அது மக்கிப்போய்விட்டிருந்தது. பிறை வெட்டிய கற்கள் மட்டும் சேற்றோடு சல்லடையில் கொட்டின. மாப்பிள்ளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, அடிக்குழியை நகத்தால் சுரண்டினார். அரக்கு என்றால் நகம் இறங்கும். நகம் இறங்கியதெல்லாம் கோட்டுப் பைக்குள் போயிற்று. ஆனால் கற்கள் அவர் நினைத்ததைவிட அதிகமாக இருந்தன. மீதிக் கற்களில் நகம் இறங்கவில்லை. ஈயம் அசையாமல், குழி நிறையத் தளதளவென்று இருந்தது.

அவசரத்தில் நல்ல கல்லையும் சேர்த்து சாக்கில் போட்டுவிட்டிருக்கிறார் மாமா என்று மாப்பிள்ளை முடிவுகட்டினார். உடனே அவருக்கு மூளை வேலைசெய்தது. இவற்றை ஏன் ஒளிக்க வேண்டும்? பிறை வெட்டிய கல், குறை சொல்ல முடியாத கல். இது மேடம் கையில் போய்ச் சேர்ந்தால் மாமனாரின் பெயர் வரலாற்றிலேயே ஏறிவிடும். முள்ளக்கா பூரித்துப்போவாள். கெட்டதை மறைத்தாயிற்று, நல்லதைக் காட்டியும் ஆயிற்று. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

"மேடம், இங்க பாருங்க. எங்க மாமனார் காலத்துக் கல்லு" என்று அவரே கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பிரஷ் மேடம் ஒன்றைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தையும் ஒரு முறை பார்த்தாள். "நல்லாத்தான் செஞ்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தனியாக எடுத்துவைத்தாள்.

அன்று மதியமே குப்பையெல்லாம் எடுத்து முடிந்ததும், கிடைத்தவற்றை ஜனங்கள் பார்க்கட்டும் என்று சந்தை நடுவில் மேசை போட்டுத் துணி விரித்துப் பரப்பினாள். பானை ஓடுகள், பாசிமணி, பொத்தான், பொம்மையின் கால். எடைக்கல் என்று பார்த்தால் பிறைக் கற்கள் மட்டும்தான் இருந்தன. சந்தையே திரண்டுவந்து நின்றது. அன்று காலை வெங்காய மூட்டை கொண்டுவந்திருந்த விவசாயியும் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தில் வந்து நின்றார். மாமனார் காலத்திலிருந்தே அந்தக் கடைக்கு மட்டும் சரக்குப் போடுகிறவர்.

முள்ளக்கா பிறையைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஒரு கல்லை எடுத்து மார்போடு அணைத்தாள். "எங்கப்பா கை பட்டது" என்றாள். மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது.

"அக்கா, சந்தைக்கே எடை பார்த்துச் சொல்றது நீங்கதானாமே. இந்தக் கல்லையும் உங்க கையாலயே ஒரு தடவை நிறுத்துடுங்களேன்" என்றாள் பிரஷ் மேடம்.

தராசு வந்தது. முள்ளக்கா ஒரு தட்டில் முத்திரை போட்ட இன்றைய கல்லை வைத்தாள். இன்னொரு தட்டில் அப்பாவின் கல்லை வைத்துக் கையை எடுத்தாள். அப்பாவின் தட்டு 'டொக்'கென்று மேசையில் இடித்தது. அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வேறொரு கல்லை வைத்தாள். அதுவும் இடித்தது. எல்லாக் கல்லும் இடித்தன.

கூட்டத்தில் வியாபாரிகள் மட்டும் கப்சிப்பென்று ஆனார்கள். ஜனங்களுக்குப் புரியவில்லை. மாப்பிள்ளைக்கும் முதலில் புரியவில்லை. பிறகு மாமனாரின் குரல் காதில் கேட்டது: இது விக்கிற கல்லு. அப்படியென்றால் வாங்குகிற கல் ஒன்றும் இருந்திருக்கிறது! விடியற்காலையில் சரக்கு வாங்குவதை மட்டும் மாமனார் யாரிடமும் விட்டதில்லை. விற்கிற கல்லில் ஈயத்தைச் சுரண்டினவர், சுரண்டின ஈயத்தை வீணாக்காமல் வாங்குகிற கல்லில் ஊற்றியிருக்கிறார். அதைப்போய் இவர் கழுவித் துடைத்துத் தன் கையாலேயே மேசைக்கு அனுப்பியிருக்கிறார். மழைக்கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது.

உருளைக்கிழங்கு அண்ணன்தான் முந்திக்கொண்டார். "பார்த்தீங்களா! பார்த்தீங்களா! ஜனங்களுக்குக் கிலோவுக்குக் கிலோ கூடவே போட்டிருக்கார் பெரியவர்! வள்ளல்யா!" என்று முழங்கிக் கையைத் தட்டினார். வியாபாரிகள் அத்தனை பேரும் வெறிபிடித்த மாதிரி தட்டினார்கள். ஜனங்களும் தட்டினார்கள். முள்ளக்காவின் முகம் மலர்ந்தது. தப்பித்தோம் என்று மாப்பிள்ளை மூச்சை விட்டார்.

"அம்மா, அதைக் கொஞ்சம் கொடு" என்றார் விவசாயி.

வாங்கி, இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார்.

"வீட்டுல நிறுத்துத்தான் மூட்டை கட்டுவேன்" என்றார். "இங்க வந்தா எப்பவும் குறையும். வண்டி ஓட்டிட்டு வந்தவன் என் தம்பி. வழியில எடுத்து வித்துட்டான்னு நினைச்சேன். கேட்டேன். இல்லைன்னு சத்தியம் பண்ணான். அடிச்சுட்டேன். உங்கப்பா தராசைச் சந்தேகப்பட எனக்குத் தோணவே இல்லைம்மா. எப்படித் தோணும்? ஊருக்கே எடை சொல்ற இடம் இது. தம்பியை விட்டுட்டு நானே வண்டியை ஓட்டிட்டு வந்தேன். அந்த வாரத்துலேருந்து எடை சரியா வந்துச்சு. அதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி வேணும், சொல்லு. அன்னியோட அவன் வீட்டு வாசல் மிதிக்கலை. ரெண்டு பேருக்கும் வயசாகிடுச்சு."

மாப்பிள்ளை மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் சாக்கைப் பாதாளத்தில் போட்டதும் அந்த வாரம்தான்.

முள்ளக்கா புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"வாங்குற கல்லு தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

"அப்போ விக்கிற கல்லு?"

மாப்பிள்ளையின் கை தானாக மழைக்கோட்டுப் பையை மூடிக்கொண்டது. முள்ளக்கா கிட்டே வந்து மழைக்கோட்டின் பையில் கையை விட்டாள். பிறை வெட்டிய கல் ஒன்று வந்தது. அடியைத் திருப்பிப் பார்த்து, நகத்தால் சுரண்டி, மேசையில் வைத்தாள். இன்னொன்று, இன்னொன்று என்று இரண்டு பையும் காலியாகிறவரை எடுத்துவைத்தாள். பிறகு அழுதாள். மறைத்துக்கொள்ளாமல், சத்தம் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். முள்ளக்கா அழுது சந்தை பார்த்ததில்லை. மாப்பிள்ளை அவள் தோளைத் தொடப் போனார், தட்டிவிட்டாள்.

"உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான்..." என்றார்.

"எனக்குத் தெரிஞ்சா நான் செத்தா போயிடுவேன்? தெரியாம இத்தனை வருஷம் ஊரையெல்லாம் திட்டினேனே! ஒவ்வொருத்தரும் உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பாங்களே!" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரும்பியவள், கைதட்டிய வியாபாரிகளைப் பார்த்தாள். "மத்தவங்க கோட்டுப் பையையும் பார்க்கட்டுமா?"

மிளகாய் அத்தைக்கு அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. உருளைக்கிழங்கு அண்ணன் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கோட்டுக்குள் கற்கள் மோதிய சத்தத்தில் யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"விடுங்க அக்கா" என்றாள் பிரஷ் மேடம். "அவங்க எதுக்கு வந்தாங்கன்னு எனக்கு முதல் நாளே தெரியும். வெயில்ல மழைக்கோட்டு போட்டுட்டு வரலாறு படிக்க யார் வருவா? அந்தக் குப்பையை ஆள் வெச்சு எடுக்கணும்னா எங்க ஆபீஸ்ல ஒப்புதல் வாங்கவே ரெண்டு வருஷம் ஆகும். தானா வந்து தூர் வாரிக் கொடுக்கறாங்க, நான் ஏன் தடுக்கணும்?"

முள்ளக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தக் கல்லெல்லாம் உங்களுக்கு வேணுமா?"

"படம் எடுத்தாச்சு. இது நேத்திய குப்பை. எனக்கு வேண்டியது இன்னும் கீழ இருக்கு."

"அப்போ எனக்குக் கொடுங்க" என்று எல்லாவற்றையும் முந்தானையில் வாரிக்கொண்டு கடைக்குப் போனாள். கனமான கற்களை விற்கிற பக்கம் அடுக்கினாள். அரக்குக் கற்களை வாங்குகிற பக்கம் அடுக்கினாள்.

"எங்கப்பா மேல எனக்குக் கோவம் தீராது. ஆனாலும் அவர் எங்கப்பாதான்" என்றாள். "அவர் கல்லு கடையிலதான் இருக்கும். இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம், அவ்வளவுதான். அவர் எத்தனை வருஷம் அப்படி நிறுத்தாரோ அத்தனை வருஷம் நாம இப்படி நிறுப்போம்."

"அம்மா, அப்படிப் பண்ணா கடை..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். அவள் பார்த்தாள். அவர் தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

விவசாயியின் கையில் இருந்த கல்லை மட்டும் அவள் திருப்பி வாங்கவில்லை. "இதை உங்க தம்பி கையில கொடுங்க அண்ணே. இன்னொரு கையில சரியான கல்லைக் கொடுங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்" என்று முத்திரைக் கல் ஒன்றையும் துண்டில் முடிந்து அனுப்பினாள்.

மறுநாளிலிருந்து கிணற்றடியில் தன்னார்வலர் ஒருவரையும் காணோம். அவரவர் கல் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டதும் ரத்தத்தில் ஊறின ஆர்வமும் வற்றிவிட்டது. மாப்பிள்ளை மட்டும் வாளி தூக்கினார். முள்ளக்காவின் உத்தரவு அது. அவள் அவரோடு பேசவில்லை, சோறு மட்டும் போட்டாள். கயிறு அறுத்த தடம் பதிந்த செங்கற்களும் முழுசாக ஒரு பானையும் அடியிலிருந்து வந்தபோது பிரஷ் மேடம் குழந்தையாகக் குதித்தாள். கை காய்த்துப்போயிருந்த மாப்பிள்ளையும் தன்னை அறியாமல் கூடவே குதித்தார். அதைத் தூரத்திலிருந்து பார்த்த முள்ளக்கா சிரித்துவிட்டாள். சாயங்காலம் "என்னங்க, டீ ஆறுது" என்றாள்.

அடுத்த சரக்கு வந்த காலையில் வண்டியைப் பார்த்ததும் முள்ளக்காவும் மாப்பிள்ளையும் எழுந்து நின்றார்கள். ஓட்டிக்கொண்டு வந்தவர் வேறு ஓர் ஆள். விவசாயியின் அதே மூக்கு, அதே வழுக்கை. விவசாயி பின்னால் மூட்டைகளுக்கு நடுவே, பொண்ணு பார்க்க வந்த மாதிரி கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. இறங்கியதும் தம்பி மடியிலிருந்து பிறைக் கல்லையும் முத்திரைக் கல்லையும் எடுத்துத் தராசின் பக்கத்தில் வைத்துவிட்டு, வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டார்.

முள்ளக்கா கைகூப்பினாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மாப்பிள்ளை மூட்டையை ஏற்றி, வாங்குகிற பக்கத்துக் கற்களை எடுத்துத் தட்டில் வைத்தார். தட்டு எழும்பவே இல்லை. இன்னும் வைத்தார். அரக்குக் கல்லாயிற்றே, முள் நேராவதற்குள் பாதி அடுக்கு காலியாகிவிட்டது. சத்தமாகச் சொல்ல வாய் வராமல் மெதுவாக எடையைச் சொன்னார்.

விவசாயி மூட்டையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். "வீட்டுல நிறுத்ததைவிட நிறையக் கூட இருக்கே! இது எப்படி?"

தம்பி வண்டியில் சாய்ந்தபடியே அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

"வழியில நான்தான் போட்டேன்."